கூடைக்கும் ஓர் இடம்

திருச்சிராப்பள்ளியிலிருந்து திண்டுக்கல் நோக்கிச் செல்லும் இரயிலில் பழைய நாள்களில் பயணம் செய்தவர்கள் அந்தக் குரலை மறந்திருக்க மாட்டார்கள். வண்டி மணப்பாறையை நெருங்கும்போதே, "முறுக்கு, முறுக்கேய், மணப்பாறை முறுக்கு" என்று அது பெட்டிக்குப் பெட்டி கடந்து செல்லும். சிறுவயதில் என் தந்தையாரோடு அவ்வழியே செல்லும்போதெல்லாம் ஊரின் பெயர் முதலில் காதில் விழும். நிலையத்தின் பெயர்ப் பலகை பிறகுதான் கண்ணில் படும். விற்பவரின் தோளில் ஒரு துணிப்பை, கையில் ஒரு கூடை, முகத்தில் ஓயாத அவசரம். வண்டி நிற்பது சிறிது நேரமே. அதற்குள் விற்க வேண்டும்; சில்லறை கொடுக்க வேண்டும்; இறங்கவும் வேண்டும்.

2023ஆம் ஆண்டில் மணப்பாறை முறுக்கிற்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. வேறோர் ஊரில் செய்த முறுக்கை மணப்பாறையின் பெயரால் விற்பதற்கு அதன்மூலம் சட்டத் தடை ஏற்பட்டது. அந்தச் செய்தியைப் படித்தபோது இவ்வட்டாரத்தைச் சேர்ந்த எல்லாரையும் போல நானும் மகிழ்ந்தேன். ஆனால் மகிழ்ச்சியை அடுத்து ஒரு கேள்வியும் எழுந்தது. அந்தப் பெயரை ஊர் ஊராகக் கொண்டு சென்றவர் யார்? விளம்பரப் பலகையா, வானொலியா? இல்லை. கூடை சுமந்தவரின் தொண்டைதான். அந்தக் கூடைக்காரர் சட்டத்தின் கண்களுக்கு யாராகத் தோன்றினார்? உரிமம் இல்லாமல் இரயிலில் விற்ற குற்றவாளியாக! பொருளுக்குக் கிடைத்த மதிப்பு அதை விற்றவருக்குக் கிடைக்கவில்லை. பலரும் பங்கிட்டு வாழும் பொது இடத்தில் சிறு வியாபாரிக்கு எவ்வளவு இடம் உண்டு, அவரைக் கட்டுப்படுத்துவோருக்கு என்ன கடமை உண்டு என்பதை வரலாற்றின் துணைகொண்டு எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இருப்புப்பாதை தந்த பெயர்

தென்னிந்திய இரயில்வே கம்பெனி 1874இல் உருவாயிற்று. அடுத்த ஆண்டே, அதாவது 1875இல், திருச்சியிலிருந்து மதுரை வரையிலான பாதை திறக்கப்பட்டது. வானம் பார்த்த பூமியான மணப்பாறைக்கு அந்தப் பாதை வெளியுலகின் வாயிலாக அமைந்தது. காவிரிக் கரையின் நெல்வளம் இப்பகுதிக்கு இல்லை. மானாவாரிச் சாகுபடியும் மாட்டுச் சந்தையுமே இதன் அடையாளங்களாக இருந்தன. 1957இல் வெளிவந்த 'மக்களைப் பெற்ற மகராசி' திரைப்படத்தின் பாடலொன்று மணப்பாறை மாட்டைத் தமிழகம் முழுவதும் அறியச் செய்தது. முறுக்கிற்கு அப்படியொரு பாட்டு வாய்க்கவில்லை. விற்றவரின் குரலே அதற்குப் பாட்டாயிற்று.

அரிசி மாவில் எள்ளும் சீரகமும் ஓமமும் சேர்த்துப் பிழிந்து, ஒரு முறைக்கு இரு முறை எண்ணெயில் வேகவிட்டு எடுப்பது மணப்பாறையின் கைப்பக்குவம். உவர்ப்புக் கலந்த ஊர்த் தண்ணீரே அதன் தனிச் சுவைக்குக் காரணம் என்பது ஊரார் நம்பிக்கை. பெரும்பாலும் வீடுகளிலும் சிறு கூடங்களிலும் நடக்கும் தொழில் இது. மாவு பிசைபவர் ஒருவர், பிழிபவர் ஒருவர், அடுப்படியில் வேகுபவர் ஒருவர், எண்ணிக் கட்டுபவர் ஒருவர் என்று பல கைகள் இதில் சேர்கின்றன. அந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணிதான் கூடைக்காரர். முதலீடு என்று சொல்ல அவரிடம் எதுவும் கிடையாது. காலையில் கடனுக்கு எடுத்த சரக்கை மாலைக்குள் விற்றுப் பணம் கட்டுபவர் அவர். நீராவி எஞ்சின்கள் ஓடிய காலத்தில் வண்டிகள் தண்ணீர் பிடிப்பதற்காக நிலையங்களில் நிற்பது வழக்கம். அந்த இடைவேளையே அவருக்குக் கடைத்தெரு. சன்னலோரத்தில் நீளும் கையே அவருக்குக் கல்லாப்பெட்டி.

1989ஆம் ஆண்டின் இரயில்வே சட்டம் இந்த வியாபாரத்தைத் தன் 144ஆம் பிரிவில் தடை செய்தது. இரயில்வே நிருவாகத்தின் உரிமம் இல்லாமல் பெட்டியிலோ நிலைய எல்லைக்குள்ளோ எதையேனும் விற்பவருக்கு ஓராண்டு வரை சிறையோ, 2,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம் என்று அச்சட்டம் இயற்றப்பட்டது. அது இயற்றப்பட்டபோது விற்பவரையும் இரப்பவரையும் ஒரே பிரிவிலேயே சேர்த்து வைத்தது என்பது நினைத்துப் பார்க்கத் தக்கது. உழைத்து உண்ணும் ஒருவரும் கை நீட்டி நிற்க நேர்ந்த ஒருவரும் அந்தச் சட்டத்திற்கு ஒரே வகையான தொல்லையாகத் தோன்றினர்.

இரயில்வேயின் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஓடும் வண்டியில் ஏறி இறங்கும் வியாபாரி தன் உயிரையே பணயம் வைக்கிறார். உணவுப் பொருள் தூய்மையானதா என்று பார்க்கும் பொறுப்பு நிருவாகத்திற்கு உண்டு. முறைப்படி கட்டணம் செலுத்திக் கடை எடுத்தவரின் முறையீடும் புறக்கணிக்கத் தக்கதன்று. 'ஒரு நிலையம், ஒரு பொருள்' என்ற திட்டம் 2022ஆம் ஆண்டின் நடுவண் வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டு, அந்தந்த வட்டாரப் பொருளை நிலையத்திலேயே விற்பதற்குச் சிறு கடைகள் அமைக்கப்பட்டன. இது நல்ல தொடக்கம். ஆயினும் ஒன்றைக் கேட்டாக வேண்டும். அந்தக் கடையில் அமர்வதற்கு முதல் அழைப்பு யாருக்குச் செல்கிறது? முப்பது ஆண்டுகள் அதே நடைமேடையில் கூடை சுமந்தவருக்கா, விண்ணப்பம் எழுதத் தெரிந்தவருக்கா? கட்டுப்பாட்டின் அறம் இத்தகைய சிறிய கேள்விகளில்தான் அடங்கியிருக்கிறது.

தெருவும் அங்காடியும்

இரயில் நிலையத்தில் நடப்பதுதான் தெருவிலும் நடக்கிறது. தெரு வியாபாரம் அண்மைக் காலத்து ஒழுங்கின்மை என்று சிலர் எண்ணுகின்றனர். தமிழரின் நகர வாழ்வு தொடங்கிய நாளிலிருந்தே அது நம்மோடு இருந்துவருகிறது. மதுரையின் பகற்கடைகளை நாளங்காடி என்றும், இரவுக் கடைகளை அல்லங்காடி என்றும் மதுரைக்காஞ்சி பிரித்துச் சொல்கிறது. புகார் நகரத்தின் இரு பகுதிகளாகிய மருவூர்ப்பாக்கத்திற்கும் பட்டினப்பாக்கத்திற்கும் நடுவே, மரங்கள் அடர்ந்த சோலையில் நாளங்காடி கூடியதைச் சிலப்பதிகாரம் காட்டுகிறது. வணிகரும் உழைப்போரும் வாழ்ந்த பகுதிக்கும், அரசரும் செல்வரும் வாழ்ந்த பகுதிக்கும் இடைப்பட்ட பொது இடம் அது. இரு சாராரும் சந்திக்கும் இடத்தில் வியாபாரத்திற்கென்றே ஓரிடம் விடப்பட்டிருந்தது என்பதே நாம் கவனிக்க வேண்டியது.

பிற்காலத்தில் வாரச் சந்தைகள் அந்த இடத்தைப் பெற்றன. சந்தைக்கு ஒரு நாள், ஓர் இடம், ஒரு தரை வாடகை என்ற ஒழுங்கு இருந்தது. அதைக் கட்டுப்பாடு என்றே சொல்ல வேண்டும். ஆனால் அந்தக் கட்டுப்பாடு வியாபாரியை விலக்குவதற்காக அன்று, அமர்த்துவதற்காக ஏற்பட்டது. 1920ஆம் ஆண்டின் சென்னை மாவட்ட நகராட்சிகள் சட்டம் தெருக்களைக் காக்கவும் ஆக்கிரமிப்புகளை அகற்றவும் நகராட்சிகளுக்கு அதிகாரம் தந்தது. அந்த அதிகாரம் தேவையானதே. எனினும் மோட்டார் வாகனங்கள் பெருகப் பெருக, தெரு என்பது வாகனம் ஓடும் இடம் மட்டுமே என்ற எண்ணம் வேரூன்றியது. முன்பு தெருவின் ஓர் அங்கமாக இருந்த தரைக்கடைக்காரர், மெல்ல மெல்லத் தெருவின் இடையூறாக மாறினார். அவர் இடம் மாறவில்லை. நம் பார்வைதான் மாறியது.

மலைக்கோட்டையின் அடிவாரத்தில்

இந்தச் சிக்கலை நேரில் காண விரும்புவோர் திருச்சி மலைக்கோட்டை அடிவாரத்திற்குச் செல்லலாம். நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சாலை, சின்னக் கடைத் தெரு, பெரிய கடைத் தெரு, தெப்பக்குளத்தின் கரைகள் ஆகிய யாவும் துணிக்கடைகளும் நகைக்கடைகளும் நிறைந்த பகுதிகள். நம் லூர்து அன்னை ஆலயத்தின் கோபுரமும் அருகிலேயே உயர்ந்து நிற்கிறது. தீபாவளி நெருங்கும்போது அங்கே கால் வைக்க இடம் இருக்காது. துண்டு, கைக்குட்டை, பிளாஸ்டிக் பொருள், பூ, பழம், பாசிமணி என்று தரையிலும் தள்ளுவண்டியிலும் பரப்பி விற்பவர்கள் இருபுறமும் அமர்ந்திருப்பார்கள். அவர்களை அகற்ற வேண்டும் என்பார்கள் கடை உரிமையாளர்கள். அகற்றக் கூடாது என்று போராடும் வியாபாரிகளின் சங்கங்கள். மாநகராட்சியும் காவல்துறையும் இரண்டுக்கும் இடையே நிற்கும். அகற்றுவதும், மீண்டும் வந்து அமர்வதும் ஆண்டுதோறும் நிகழும் சடங்காகிவிட்டன.

இதில் நால்வருக்கு நியாயம் உண்டு. கடைக்காரர் வாடகையும் வரியும் கட்டுகிறார். தம் வாசல் மறைக்கப்படுவதை அவர் எதிர்ப்பதில் தவறில்லை. தரைக்கடைக்காரருக்கு அதைத் தவிர வேறு பிழைப்பில்லை. நடந்து செல்பவருக்கு, குறிப்பாக முதியவருக்கும் குழந்தையைச் சுமந்த தாய்க்கும், நடைபாதை தேவை. தீயணைப்பு வண்டியும் நோயாளியை ஏற்றிய வண்டியும் தடையின்றிச் செல்ல வழி தேவை. இவற்றுள் கடைசி இரண்டுக்கும் முதலிடம் தருவதை எந்த நல்ல மனமும் மறுக்காது. உயிருக்கு ஆபத்து என்னும்போது பிழைப்பு சற்று விலகித்தான் ஆக வேண்டும்.

ஆனால் இங்கேதான் ஒரு சோதனை தேவைப்படுகிறது. நடப்பவரின் பெயரைச் சொல்லி வியாபாரி அகற்றப்பட்ட பிறகு, அந்த இடத்தில் நடப்பவர் நடக்கிறாரா? அல்லது இரு சக்கர வாகனங்களும் மகிழுந்துகளும் வரிசையாக நிற்கின்றனவா? வாகனம் நிற்பதானால், அகற்றியது நடப்பவருக்காக அன்று என்பது தெளிவாகும். ஏழையின் கூடையை எடுத்துவிட்டு வசதி படைத்தவரின் வாகனத்திற்கு இடம் கொடுத்தோம் என்றே அதற்குப் பொருள். ஒரு கட்டுப்பாடு நியாயமானதா என்பதை அறிய, அது யாரை விலக்கியது என்று பார்த்தால் மட்டும் போதாது. விலக்கிய இடம் யாருக்குப் போயிற்று என்றும் பார்க்க வேண்டும்.

நீதிமன்றம் வழி கண்டது

இந்த வழக்கு நாட்டின் உச்ச நீதிமன்றத்திற்கே பல முறை சென்றது. 1985இல் வெளியான பம்பாய்த் தெரு வியாபாரிகள் வழக்கின் தீர்ப்பு, வியாபாரம் செய்யத் தக்க பகுதி, தகாத பகுதி என்று நகரைப் பிரிக்கும் ஏற்பாட்டை ஏற்றுக்கொண்டது. 1989இல் சோதன் சிங் என்னும் எளிய வியாபாரி புது தில்லி நகராட்சிக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு முக்கியமானதொரு தெளிவைத் தந்தது. தெருக்கள் போக்குவரத்திற்கு மட்டுமே உரியவை என்று சொல்லிச் சிறு வியாபாரியின் தொழில் உரிமையை மறுக்க முடியாது. அந்த உரிமை அரசியல் சாசனத்தின் 19ஆம் விதியில் அடங்கும். ஆயினும் இன்ன இடத்தில்தான் அமர்வேன் என்று கேட்கும் உரிமை யாருக்கும் இல்லை. நியாயமான கட்டுப்பாடுகளுக்கு எல்லாரும் உட்பட்டவரே என்று அத்தீர்ப்பு கூறியது. உரிமையும் எல்லையும் ஒருசேர வகுக்கப்பட்ட தீர்ப்பு அது.

ஆனால் தீர்ப்பு தெருவுக்கு வந்து சேர நெடுங்காலம் ஆயிற்று. 2010இல் கெய்ந்தா ராம் வழக்கில், 2011 சூன் இறுதிக்குள் இதற்கெனச் சட்டம் இயற்றப்பட வேண்டும் என்று நீதிமன்றம் நாள் குறித்தது. குறித்த நாளும் கடந்து, 2014இல்தான் தெரு வியாபாரிகள் வாழ்வாதாரப் பாதுகாப்பு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம் நிறைவேறியது. அதன் தலைப்பிலேயே பாதுகாப்பு முன்னும் ஒழுங்குமுறை பின்னும் நிற்கின்றன. சட்டத்தின் உள்ளடக்கமும் அந்த வரிசையிலேயே அமைந்திருக்கிறது. முதலில் வியாபாரிகளைக் கணக்கெடுக்க வேண்டும். கணக்கெடுத்துச் சான்றிதழ் வழங்கும் வரை எவரையும் வெளியேற்றக் கூடாது. நகர விற்பனைக் குழுவில் பத்துக்கு நான்கு பேராவது வியாபாரிகளாக இருக்க வேண்டும். அவர்களுள் மூன்றில் ஒரு பங்கு பெண்களாக இருக்க வேண்டும். இடம் மாற்றுவதானால் 30 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும். பறிமுதல் செய்த பொருள் அழுகக் கூடியதாயின் கேட்ட அன்றே திருப்பித் தர வேண்டும். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கூடிவரும் அங்காடிகளை மரபு அங்காடிகளாகக் கருதிக் காக்க வேண்டும் என்றும் அது கூறுகிறது. ஒரு நகரின் மக்கள்தொகையில் நூற்றுக்கு இரண்டரைப் பேர் வரை வியாபாரிகளுக்கு இடம் காண வேண்டும் என்பது அதன் அளவுகோல்.

இவ்வளவு நல்ல சட்டத்தில் மணப்பாறையாருக்கு ஒரு வருத்தம் உண்டு. இரயில்வேக்குச் சொந்தமான நிலம், கட்டடம், வண்டி ஆகியவற்றுக்கு இச்சட்டம் பொருந்தாது என்று அதன் முதற்பிரிவே விலக்கி வைத்துவிட்டது. நிலையத்திற்கு வெளியே தள்ளுவண்டியில் முறுக்கு விற்பவருக்குச் சட்டத்தின் காப்பு உண்டு. அதே முறுக்கை அதே ஊரில், நடைமேடை ஏறி விற்பவருக்கு அது கிடையாது. ஒரே கூடை, ஒரே கை. படியேறினால் உரிமை முடிந்துவிடுகிறது.

நம் வாசலில்

பம்பாய் வழக்கில் ஏற்கப்பட்ட ஏற்பாட்டில் வழிபாட்டு இடங்களைச் சுற்றி 100 மீட்டர் வரை தெரு வியாபாரம் கூடாது என்ற விதியும் இருந்தது. இதைப் படிக்கும்போது மாநகராட்சியைக் குறை கூறிக்கொண்டிருந்த நாம் சற்றுத் தயங்க வேண்டியிருக்கிறது. ஏனெனில் ஆலய வாசலில் கூடை வைத்திருப்பவரை நாம் எவ்வாறு நடத்துகிறோம்?

பெயர் குறிப்பிடத் தேவையில்லாத ஒரு பங்கில், பல ஆண்டுகளுக்கு முன் திருவிழாக் குழுவில் நானும் ஓர் உறுப்பினன். அதற்கு முந்திய ஆண்டு நடைபாதை முழுதும் கடைகளாக இருந்தமையால் சாலையில் இறங்கி நடந்த ஒரு பாட்டியம்மாவின் மேல் இருசக்கர வண்டி மோதிக் கால் முறிந்துவிட்டது. ஆகவே, தேர்பவனி முடியும் வரை ஆலயத் தெருவில் கடைகளே கூடாது என்று ஒருவர் முன்மொழிந்தார். எல்லாரும் கை உயர்த்தினோம். நானும் உயர்த்தினேன். அந்த முடிவில் தீய எண்ணம் எதுவும் இல்லை. பாட்டியம்மாவின் முகம் எங்கள் எல்லாருடைய கண் முன்னும் நின்றது.

கொடியேற்ற நாள் காலையில் தொண்டர்கள் ஒவ்வொருவராக வியாபாரிகளைத் திருப்பி அனுப்பினர். ஆண்டு முழுதும் வாசலருகே அமர்ந்து மெழுகுவர்த்தியும் பூமாலையும் விற்றுவந்த ஓர் அம்மாவும் அவர்களுள் ஒருவர். என்னைக் கண்டதும் எழுந்து வந்தார். "அய்யா, வருசம் பூரா இந்த வாசல்லதானே இருக்கேன். மழையா இருந்தாலும் வெயிலா இருந்தாலும் நான் இல்லாம இருந்திருக்கேனா? இன்னிக்கு மட்டும் நான் எடைஞ்சலாப் போயிட்டேனா?" என்று கேட்டார். "குழு முடிவும்மா" என்றேன். அவர் அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

மாலையில் அதே தெருவில் நடந்தபோது நான் கண்டது என்னை உறுத்தியது. தெரு காலியாக இல்லை. நன்கொடை தந்த நிறுவனங்களின் விளம்பர வளைவுகள் கால் ஊன்றி நின்றன. பெரிய கடைக்காரர் ஒருவரின் பந்தலும் நடைபாதையை அடைத்து நின்றது. பாட்டியம்மாவுக்காகத் திறந்த வழியை, பணம் தந்தவருக்குக் கொடுத்திருந்தோம். அந்த அம்மாவின் கேள்விக்கு என்னிடம் அன்றும் விடை இல்லை. அடுத்த ஆண்டு பங்குத்தந்தையின் முயற்சியால் வேறு முறை கையாண்டோம். வியாபாரிகளை முன்னதாகவே அழைத்துப் பேசினோம். ஒரு பக்க நடைபாதையை முற்றிலும் விட்டுவிடுவதென்றும், மறுபக்கத்தில் சுண்ணாம்புக் கோட்டுக்குள் கடை வைப்பதென்றும் அவர்களே ஒப்புக்கொண்டார்கள். கோட்டைத் தாண்டியவர்களை அவர்களே கண்டித்தார்கள். விளம்பர வளைவுகளுக்குத்தான் அந்த ஆண்டு இடம் கிடைக்கவில்லை.

ஆலயத்தில் விற்றவர்களை ஆண்டவரே விரட்டவில்லையா என்று சிலர் கேட்கக்கூடும். அவர் சினந்தது வழிபடும் இடம் சந்தையாகவும் கள்வர் குகையாகவும் மாற்றப்பட்டதற்காக. வழிபட வந்த எளியவரைச் சுரண்டிய ஏற்பாட்டை அவர் கவிழ்த்தார். வாசலுக்கு வெளியே நாள்கூலி அளவுக்கு மெழுகுவர்த்தி விற்கும் கைம்பெண்ணுக்கு எதிராக அந்த நிகழ்ச்சியைப் பயன்படுத்துவது பொருந்தாது. 13ஆம் சிங்கராயர் 1891இல் 'ரேரும் நோவாரும்' என்ற சுற்றுமடல் வழியாகத் தொழிலாளரின் நியாயத்தை உலகுக்கு எடுத்துரைத்தார். அதன் நூற்றாண்டில், 1991இல், இரண்டாம் அருள் சின்னப்பரும் அப்போதனையைப் புதுப்பித்தார். கூலி தரும் முதலாளியிடம் தொழிலாளி நியாயம் கேட்கலாம். முதலாளியே இல்லாத தெரு வியாபாரி யாரிடம் கேட்பார்? அவருக்கு இடம் தருவதும் மறுப்பதும் நம் கையில் இருப்பதால், நம்மிடம்தான் கேட்பார்.

மூன்று அனுபவங்கள்

கட்டுப்பாடு எவ்வாறு முடியும் என்பதை உலக அனுபவம் நமக்குக் காட்டுகிறது. துனீசியா நாட்டின் சிதி பூசித் நகரில் முகம்மது புவாசிசி என்ற இளைஞர் தள்ளுவண்டியில் பழமும் காய்கறியும் விற்றுக் குடும்பத்தைக் காத்துவந்தார். 2010 டிசம்பர் 17 அன்று அதிகாரிகள் அவருடைய தராசைப் பறித்துக்கொண்டனர். முறையிடச் சென்ற இடத்தில் அவர் சொல்லைக் கேட்பார் இல்லை. மனமுடைந்த அவர் அரசு அலுவலகத்தின் முன் தமக்குத் தாமே தீ வைத்துக்கொண்டார். 2011 ஜனவரி 4 அன்று இறந்தார். பத்து நாள்களில் அந்நாட்டு அதிபர் நாட்டை விட்டே ஓட நேர்ந்தது. பறிக்கப்பட்ட ஒரு தராசின் எடை எவ்வளவு என்பதை அன்று ஆட்சியாளர்கள் அறிந்தார்கள். அங்கே இல்லாதுபோனது சட்டமன்று. செவிசாய்க்க ஒருவரே இல்லை.

நம் தமிழர் பலர் வாழும் சிங்கப்பூரில் நடந்தது வேறு. 1968, 1969ஆம் ஆண்டுகளில் அந்நாட்டு அரசு ஏறத்தாழ 18,000 தெரு வியாபாரிகளைப் பதிவு செய்தது. பின்னர் 1971 தொடங்கி 1986 வரை, தண்ணீரும் வடிகாலும் கூரையும் கொண்ட உணவங்காடிகளைக் குடியிருப்புகளுக்கு அருகிலேயே கட்டி அவர்களைப் படிப்படியாக அமர்த்தியது. தேக்கா அங்காடியில் இன்றும் தோசையின் மணம் கமழ்கிறது. 2020இல் யுனெஸ்கோ அந்த உணவங்காடிப் பண்பாட்டை மனிதகுலத்தின் மரபுச் செல்வமாக ஏற்றது. அங்கேயும் தெருக்கள் கண்டிப்பாகத்தான் காலி செய்யப்பட்டன, வருந்தியவர்களும் இருந்திருப்பார்கள். ஆனால் எண்ணியது முதலில், கட்டியது அடுத்து, அகற்றியது கடைசியில்.

இடம் கட்டினால் மட்டும் போதுமா என்பதற்குத் திருச்சியிலேயே சான்று உண்டு. நூறாண்டைக் கடந்த காந்தி மார்க்கெட்டின் நெரிசலைக் குறைப்பதற்காக, மதுரைச் சாலையில் கள்ளிக்குடியில் ஏறத்தாழ 77 கோடி ரூபாய்ச் செலவில் மத்திய வணிக வளாகம் கட்டப்பட்டு 2017இல் திறக்கப்பட்டது. காந்தி மார்க்கெட் வியாபாரிகள் அங்கே செல்ல மறுத்தனர். பல ஆண்டுகள் அவ்வளாகம் பெரும்பாலும் வெறிச்சோடியே கிடந்தது. அவர்கள் தெரு வியாபாரிகள் அல்லர். மொத்த வியாபாரிகளும் அவர்களுள் அடக்கம். ஆயினும் பாடம் ஒன்றே. வாங்குபவர் வராத இடம் சந்தையாகாது. செல்ல வேண்டியவரின் ஒப்புதல் இல்லாமல் எழுப்பிய கூரை எவ்வளவு உயர்ந்ததாயினும் வெறுங்கூரையே.

கட்டுப்படுத்துவோரின் கடமை

இவற்றையெல்லாம் தொகுத்துப் பார்க்கும்போது ஒன்று விளங்குகிறது. பொது இடத்தைக் கட்டுப்படுத்துவது பாவமன்று. கட்டுப்பாடே இல்லாத தெருவில் வலியவர் எளியவரை நசுக்குவார். முதலில் நசுங்குவதும் எளிய வியாபாரியே. ஆனால் கட்டுப்படுத்தும் அதிகாரம் பெற்றவருக்கு நான்கு கடமைகள் உண்டு. அகற்றுமுன் எண்ண வேண்டும். ஏனெனில் பெயர் எழுதப்படாதவரின் இழப்பை யாரும் அறிய மாட்டார்கள். முடிவெடுக்குமுன் அவர்களையே கேட்க வேண்டும். மாற்றிடம் தரும்போது வாங்குபவர் வரும் இடமாகத் தர வேண்டும். காலி செய்த இடம் யார் பெயரால் காலியாயிற்றோ அவருக்கே சேர்கிறதா என்று கடைசி வரை கண்காணிக்க வேண்டும். இந்த நான்கில் ஒன்று குறைந்தாலும், ஒழுங்கு என்ற பெயரில் நாம் செய்வது ஏழையின் இடத்தை வேறொருவருக்கு மாற்றிக் கொடுப்பதாகவே முடியும்.

இக்கடமைகள் நகராட்சிக்கும் இரயில்வேக்கும் மட்டும் உரியவை அல்ல. பங்குப் பேரவைக்கும், திருவிழாக் குழுவுக்கும், வீட்டு வாசலில் கீரைக்காரம்மாவை உட்கார விடாத நமக்கும் உரியவை. வாக்காளராகவும் வரி செலுத்துவோராகவும் நாம் கேட்டால், நம் ஊரின் நகர விற்பனைக் குழு கூடுகிறதா, கணக்கெடுப்பு முடிந்ததா என்று யாராவது விடை சொல்லியே தீர வேண்டும். இரயில்வேயிடமும் கேட்கலாம். சட்டம் தானாக அங்கே செல்லாவிட்டாலும், அதன் உணர்வு செல்வதைத் தடுப்பவர் எவருமில்லை. நடைமேடையில் ஒரு சிறு இடமும், ஓர் அடையாள அட்டையும், கட்டக் கூடிய கட்டணமும் இருந்தால் கூடைக்காரர் ஓடும் வண்டியில் ஏற வேண்டியதில்லை.

அண்மையில் மணப்பாறை வழியாகச் செல்ல நேர்ந்தது. நண்பர் ஒருவர் தம் பேரனுக்காகக் கடையில் ஒரு முறுக்குப் பொட்டலம் வாங்கினார். அச்சிட்ட உறையில் ஊரின் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. வண்டி புறப்பட்டது. சன்னலோரத்தில் நான் பழைய குரலைத் தேடினேன். பேரன் முறுக்கைக் கடித்துக்கொண்டே, "தாத்தா, இதுக்கு எப்படி இந்த ஊர்ப் பேரு வந்துச்சு?" என்று கேட்டான். முன்பெல்லாம் வண்டி நிற்பதற்குள் கூடையோடு ஓடிவருவார்களே, அவர்கள் வைத்த பெயர் என்று சொன்னேன். "இப்ப அவங்க எங்கே?" என்றான் அவன். ஆலய வாசலில் அந்த அம்மாவிடம் நான் தராத விடை அப்போது நினைவுக்கு வந்தது.